காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் பங்கு பிரிப்பது மணலா?

1. குடமுருட்டி ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். தஞ்சை மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். போன மாதம் மாணவர்களை முக்கொம்புக்கும் கல்லணைக்கும் அழைத்துச் சென்றிருந்தேன். கல்லணையின் மேல் நின்று இரு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி, “காவிரியின் தரை மேடாக இருக்கிறது, கொள்ளிடத்தின் தரை பள்ளமாக இருக்கிறது. இரண்டும் ஒரே ஆற்றிலிருந்து முக்கொம்பில் பிரிந்தவைதாமே, பிறகு ஒன்று மட்டும் ஏன் மேடாயிற்று?” என்று கேட்டாள். கொள்ளிடம் வெள்ளத்தைக் கொள்ளும் இடம், அதனால் அந்தப் பெயர் வந்தது என்று பெயர்க்காரணம் சொல்லிச் சமாளித்தேன். அது அவளுடைய கேள்விக்கு விடையல்ல என்பது எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது.

எங்கள் பாடநூலில் ஆற்றின் அரித்தல், கடத்தல், படியவைத்தல் ஆகிய மூன்று செயல்களும் ஒரு படத்தோடு இரண்டு பக்கங்களில் முடிந்துவிடுகின்றன. மலையில் அரிக்கிறது, சமவெளியில் கடத்துகிறது, கடலோரத்தில் படியவைக்கிறது என்று வரிசை போட்டுச் சொல்லியிருப்பதைப் படித்த பிள்ளைகளுக்கு, சமவெளியில் அருகருகே ஓடும் இரண்டு கிளைகளில் ஒன்று மேடாவதையும் மற்றொன்று பள்ளமாவதையும் விளக்க வழியில்லை. ஆற்று மணலைப் பற்றி அறிந்தவர்கள் இதை விளக்க வேண்டுகிறேன்.

2. மணற்போக்கி

ஆசிரியர் ஐயா, நான் திருச்சிப் பகுதியில் பாசனப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் மாணவி கேட்ட கேள்வியை ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பு ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டனும் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

முக்கொம்பில் ஆறு இரண்டாகிறது. வடக்குக் கிளையான கொள்ளிடம் ஏறக்குறைய நேராகவும், குறைந்த தொலைவிலும், கூடுதல் சரிவோடும் கடலுக்கு ஓடுகிறது. தெற்குக் கிளையான காவிரி டெல்டாவுக்குள் நுழைந்து வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று பிரிந்து பிரிந்து மெலிகிறது. பூம்புகாரில் கடலில் கலக்கும் காவிரியைப் பார்த்தவர்கள், இதுவா அந்தக் காவிரி என்று வியப்பார்கள். அங்கே அது ஒரு வாய்க்கால் அளவுக்கு வந்துவிடுகிறது. சரிவு குறைந்த கிளையில் நீரின் வேகம் குறைவு. வேகம் குறைந்தால் தூக்கிவந்த மணலை இறக்கிவைக்கும். இறங்கிய மணல் கிளையின் வாயை மேடாக்கும். வாய் மேடானால் அடுத்த ஆண்டு அதற்குள் நுழையும் நீர் இன்னும் குறையும், நீர் குறைந்ததால் இன்னும் கொஞ்சம் மணல் இறங்கும். கொள்ளிடத்திலோ இதற்கு நேர்மாறாக, கூடுதல் நீர் சேரச் சேரத் தரை அரிபட்டு ஆழமாகும். யாரும் தலையிடாமல் விட்டிருந்தால் காவிரி தூர்ந்து பெயரளவு ஆறாக நின்றிருக்கும், வெள்ளம் முழுவதும் கொள்ளிடம் வழியே கடலுக்குப் போயிருக்கும்.

கீழே கல்லணை இருக்குமிடத்தில் இரண்டு ஆறுகளும் மறுபடியும் நெருங்கி வருகின்றன. மேட்டிலுள்ள காவிரி உடைத்துக்கொண்டு பள்ளத்திலுள்ள கொள்ளிடத்தில் விழக்கூடிய இடம் அது. கரிகாலன் காலத்து வேலை என்று மரபு சொல்லும் அந்தக் கல் அணை அந்த வாயில் குறுக்கே படுத்திருக்கிறது. தண்ணீரைத் தேக்கிவைப்பதற்காகக் கட்டிய அணை என்று பலரும் எண்ணுகிறார்கள். காவிரி நீர் கொள்ளிடத்துக்குச் சரிந்துவிடாமல் தடுத்து டெல்டாவுக்குத் திருப்புவதே அதன் வேலை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் தலைப்பில், அதாவது அது பிரியும் வாயில், மணல் மேடிட்டு, தஞ்சைப் பாசனம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டு வந்தது. தலைப்பை வெட்டி ஆழப்படுத்துவார்கள். அடுத்த வெள்ளத்தில் மறுபடியும் மூடிக்கொள்ளும். காட்டன் முதலில் 1830 வாக்கில் கல்லணையில் மணலை வெளியேற்றும் மதகுகளான மணற்போக்கிகளை அமைத்தார். (என் புனைபெயர் அங்கிருந்து வந்தது.) அதன் பின் 1836-ல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையையும், கிழக்கே அணைக்கரையில் கீழணையையும் கட்டத் தொடங்கினார். அடியே காணாத தளர்மணலில் அடித்தளம் போடும் வித்தையைத் தாங்கள் கற்றுக்கொண்டது இந்த நாட்டின் பழைய கட்டுமானத்திலிருந்துதான் என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

இதில் பலர் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. மேலணை கட்டிய பிறகு கதை தலைகீழாயிற்று. கொள்ளிடத்தின் வாயில் தடை வந்ததும் காவிரி அளவுக்கு மீறி நீரை இழுக்கத் தொடங்கியது. தலைப்பு அரிபட்டு ஆழமாயிற்று, டெல்டாவுக்குள் வெள்ள அபாயம் கூடிற்று. அதனால் 1840-களில் காவிரித் தலைப்பின் குறுக்கேயும் ஒரு படுகை அணை போட வேண்டியதாயிற்று. பிரியும் இடத்தில் ஒரு கிளையின் தரையைச் சில அடி மாற்றினால் இரண்டு கிளைகளின் தலைவிதியும் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

3. குடமுருட்டி ஆசிரியர்

ஐயா, மிக்க நன்றி. இப்போது எனக்கே ஒரு ஐயம் எழுகிறது. வேகம் குறைந்தால் மணல் இறங்கும் என்பது புரிகிறது. ஆனால் பிரியும் இடத்தில் இரண்டு கிளைகளுக்கும் ஒரே நீர்தானே போகிறது? நீர் பாதிப் பாதியாகப் பிரிந்தால் மணலும் பாதிப் பாதியாகப் பிரிய வேண்டாமா?

4. அறல்

நான் ஆற்றுப் படிவுகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி. ஆசிரியர் ஐயா கேட்டது, இந்தத் துறையில் நுழைபவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது தடுக்கி விழும் கேள்வி. நீர் பிரியும் விகிதத்தில் மணல் பிரிவதில்லை.

ஆற்றின் சுமை மூன்று வகையாக நகர்கிறது. களிமண்ணும் நுண்பொடியும் நீர் முழுவதும் ஏறத்தாழச் சமமாகக் கலந்து மிதந்து வருகின்றன. ஆடியில் புதுத்தண்ணீர் நிறம் மாறி வருவது இவற்றால்தான். நடுத்தர மணல் சுழல்களில் தூக்கப்பட்டும் விழுந்தும் வருகிறது, அது மேற்பரப்பில் குறைவாகவும் அடியில் மிகுதியாகவும் இருக்கும். பருமணலும் கூழாங்கல்லும் தரையை விட்டு அதிகம் எழும்பாமல் உருண்டும் துள்ளியும் போகின்றன. ஆகவே மண் பங்கீட்டில் தரையை ஒட்டி ஓடும் மெல்லிய நீர்ப்படலம் எந்தக் கிளைக்குள் திரும்புகிறது என்பதே முக்கியம்.

இதற்கு வகுப்பறையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வடிகட்டாத தேநீரை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் கரண்டியால் சுழற்றிவிட்டு நிறுத்துங்கள். சுழலும் பொருள் வெளிப்பக்கம் ஒதுங்கும் என்பது நமக்குத் தெரியும், ஆனால் தேயிலைத் தூள் குவளையின் நடு அடியில் வந்து குவியும். மேலே உள்ள நீர் வேகமாகச் சுழல்வதால் வெளிப்புறம் அழுத்தம் கூடுகிறது. அடியில் உள்ள நீர் உராய்வால் வேகம் குறைந்திருப்பதால் அந்த அழுத்தத்தை எதிர்த்து நிற்க முடியாமல் உள்நோக்கித் தள்ளப்படுகிறது, தூளையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் 1926-ல் ஆறுகள் வளைந்து செல்வதை விளக்கும்போது இந்தத் தேநீர்க் குவளையைத்தான் எடுத்துக்காட்டினார். ஆற்று வளைவில் வெளிக்கரை அரிபடுவதும் உட்கரையில் மணல் திட்டு வளர்வதும் இதனால்தான். (அவருடைய மகன் ஹான்ஸ் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் வாழ்நாள் முழுவதும் ஆற்று மணலையே ஆராய்ந்தவர் என்பது எங்கள் துறைக்குள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் செய்தி.)

பக்கவாட்டில் ஒரு கிளை பிரியும்போதும் இதே நிகழ்கிறது. மேல்நீர் வேகமாக ஓடுவதால் நேரே போக முனையும். மெதுவாக ஓடும் அடிநீர் எளிதில் திரும்பிக் கிளைக்குள் நுழையும், அதோடு அடிமணலும் நுழையும். 1926-ல் ஜெர்மனியில் புல்லே என்பவர் தொட்டிச் சோதனையில், கிளைக்குப் போகும் நீரின் பங்கைவிட அடிமணலின் பங்கு பல மடங்கு மிகுதியாக இருப்பதைக் காட்டினார். நேராகப் போகும் ஆறு தெளிந்த நீரைப் பெறும், திரும்பிப் போகும் கிளை மணலைப் பெறும் என்பது பொது விதி. மணற்போக்கி ஐயா விவரித்த சுழற்சியின் முதல் தள்ளு இதிலிருந்து வருகிறது.

இதை அறிந்து கட்டியவர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். சீனாவில் மின் ஆற்றில் லி பிங் என்ற ஆளுநர் கி.மு. 256 வாக்கில் அமைத்த துஜியாங்யென் பாசனத் தலைப்பு இன்றும் வேலை செய்கிறது. அங்கே பாசனத்துக்கான நீர் வளைவின் வெளிப்பக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது. மணல் உட்பக்கம் ஒதுங்கி வெளியாற்றோடு போய்விடுகிறது. தப்பி உள்ளே வந்த மணலும் வழிந்து வெளியேற ஒரு தாழ்வான கலிங்கு உண்டு, அதன் பெயரே ‘பறக்கும் மணல் கலிங்கு’ என்று பொருள்படும்.

5. ஐயவினா

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேகம் குறைந்தால் இறங்கும், கூடினால் தூக்கும் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் எதை வேண்டுமானாலும் விளக்கிவிடலாம். மேடானால் வேகம் குறைந்தது என்பீர்கள், பள்ளமானால் வேகம் கூடியது என்பீர்கள். எவ்வளவு நீருக்கு எந்தப் பருமனுள்ள கல் நகரும் என்று முன்கூட்டியே சொல்ல ஏதாவது கணக்கு உண்டா? இருந்தால் காட்டுங்கள், இல்லையென்றால் இதுவும் பெயர்க்காரணம் சொல்வது போலத்தான்.

6. அறல்

ஐயவினா அவர்களின் கேள்வி நியாயமானது. கணக்கு உண்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே போடக்கூடியது.

ஓடும் நீர் தரையின் மீது ஏற்படுத்தும் இழுவை, நீரின் அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், ஆழம், சரிவு ஆகிய நான்கையும் பெருக்கினால் கிடைக்கும். எடுத்துக்காட்டுக்காக 2 மீட்டர் ஆழமும் 2,500-க்கு 1 என்ற சரிவும் உள்ள ஓர் ஆற்றைக் கொள்வோம். 1,000 × 9.81 × 2 × 0.0004 என்று பெருக்கினால் ஏறக்குறைய 7.8 பாஸ்கல் வருகிறது. எவ்வளவு இழுவைக்கு எந்தப் பருமன் அசையும் என்பதை 1936-ல் ஷீல்ட்ஸ் சோதனைகளால் வகுத்தார். அதன்படி அரை மில்லிமீட்டர் மணலுக்குச் சுமார் கால் பாஸ்கல் போதும்; ஒரு சென்டிமீட்டர் கூழாங்கல்லுக்கு 7 பாஸ்கல் தேவை. அதாவது நம் எடுத்துக்காட்டு ஆறு சுண்டைக்காய் அளவுக் கல்லை அசைக்கும், எலுமிச்சை அளவுக் கல்லைத் தொடாது. இதைக் களத்தில் சோதித்துப் பார்க்க முடியும் என்பதால் இது பின்னால் சொல்லும் சமாதானம் ஆகாது.

இப்போது அதே ஆற்றில் நீர் கணுக்காலுக்குச் சற்று மேலே, 20 சென்டிமீட்டருக்கு இறங்கிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். இழுவையும் பத்தில் ஒன்றாகிறது. ஆனாலும் அரை மில்லிமீட்டர் மணல் நகர்ந்துகொண்டுதான் இருக்கும். எவ்வளவு நகரும் என்பதில்தான் வேறுபாடு. 1948-ல் சூரிச்சில் மேயர்-பீட்டரும் முல்லரும் தந்த சமன்பாட்டின்படி, தேவைக்கு மேல் மிஞ்சும் இழுவையின் ஒன்றரை அடுக்குக்கு ஏற்ப அடிச்சுமை, அதாவது தரையை ஒட்டி நகரும் மணலின் அளவு, கூடும். போட்டுப் பார்த்தால் 2 மீட்டர் ஆழத்தில் நகரும் அடிமணல், 20 சென்டிமீட்டர் ஆழத்தில் நகர்வதைப் போல 50 மடங்குக்கு மேல் வருகிறது. ஆண்டு முழுவதும் ஓடும் தண்ணீர் செய்யாத வேலையைச் சில வெள்ள நாட்கள் செய்துவிடுவது இதனால்தான். அந்தச் சமன்பாடு பெரும்பாலும் கூழாங்கல்லில் சோதிக்கப்பட்டது, ஆகவே மணலுக்கு இந்த மடங்கைத் தோராயமாகவே கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மிக நுண்ணிய மண்தான் மிக எளிதில் அரிபடும் என்று நாம் நினைப்போம். ஸ்வீடனின் யூல்ஸ்ட்ரோம் 1935-ல் வரைந்த வரைபடம் வேறு மாதிரி காட்டுகிறது. மிக எளிதில் கிளம்புவது மணல்தான். களிமண் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் படிந்து இறுகிய பின் அதை அசைக்க மணலைவிடக் கூடுதல் வேகம் வேண்டும். ஆனால் ஒருமுறை கிளம்பிவிட்டால் மிக மெதுவான நீரிலும் இறங்காமல் மிதந்து போகும்.

7. படுகைக்காடு

நான் திருவையாற்றுப் பக்கம் படுகையில் வாழை போடுகிறவன். கணக்கெல்லாம் எனக்குப் பிடிபடவில்லை, ஆனால் அறல் அம்மா கடைசியாகச் சொன்னதை நான் தினமும் மிதிக்கிறேன். ஆற்றை ஒட்டிய எங்கள் படுகை நிலம் மணற்சாரியாக இருக்கும், வாழைக்கும் வெற்றிலைக்கும் ஏற்றது. கரையை விட்டு விலக விலக மண் இறுகிக்கொண்டே போகும். கொஞ்ச தூரம் போனால் நெல் மட்டும் விளையும் களி வந்துவிடும், நடவு நேரத்தில் கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். கரைதான் மேடு, வயல்தான் பள்ளம். எங்கள் பக்கம் பழைய ஊர்கள் பலவும் ஆற்றங்கரை மேட்டிலேயே நீளவாக்கில் அமைந்திருப்பதற்கும் இதுதான் காரணம் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

எங்கள் வீட்டில் புடைக்கும்போது குருணையையும் அரிசியையும் சுளகில் வைத்துக் கொழிப்பார்கள். கனமானது ஓரிடத்தில் நிற்கும், லேசானது தள்ளிப் போகும். ஆறு மணலைக் கொழிக்கிறது என்று நாங்கள் சொல்வதும் அதே சொல்தான்.

8. அறல்

படுகைக்காடு ஐயா, நீங்கள் சொன்னதை எங்கள் நூல்களில் இயற்கைக் கரைமேடு என்பார்கள். வெள்ளம் கரையை மீறியதும் வேகம் சட்டென்று குறையும். முதலில் மணல் இறங்கும், கரையை ஒட்டி மேடு எழும். களி தொலைவு போய்த் தேங்கிய நீரில் மெல்லப் படியும். ஆகவே ஒரு டெல்டாவில் ஆறுகள் பள்ளத்தில் ஓடுவதில்லை, தாமே கட்டிக்கொண்ட மேடுகளின் முதுகில் ஓடுகின்றன. மேட்டின் முதுகில் ஓடும் ஆறு எங்கேனும் உடைப்பெடுத்தால் பள்ளத்தில் இறங்கிப் புதுத்தடம் போட்டுவிடும். காவிரி டெல்டாவின் விசிறி வடிவமே பல நூற்றாண்டுகளாக இப்படித் தடம் மாறி மாறி எழுதிய எழுத்துதான்.

நம் மொழியில் இதற்கான சொற்கள் நிறைய இருக்கின்றன. அலை அலையாக வரிபடிந்த மணல் அறல். நீர் ஒதுக்கிய மணல் மேடு எக்கர். ஆற்றின் நடுவே எழுந்த திட்டு துருத்தி. திருப்பூந்துருத்தி உங்கள் பக்கத்து ஊர்தான். ஆற்றிடைக்குறைக்கு அரங்கம் என்றும் பெயர். திருவரங்கமே காவிரியும் கொள்ளிடமும் விட்டுவைத்த மணல் திட்டின் மேல் அமர்ந்திருக்கிறது.

9. ஐயவினா

கணக்கைப் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த இழையில் எல்லாரும் பழைய காலத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மணலே இல்லாத ஆற்றில் மணல் பங்கீட்டைப் பற்றிப் பேசி என்ன பயன்? 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதே மாதம் திருச்சியில் கொள்ளிடத்தின் மேல் 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் இறங்கின. மணல் அள்ளியதால்தான் என்று ஊரே சொல்கிறது. மணற்போக்கி ஐயா என்ன சொல்கிறார்?

10. மணற்போக்கி

பணியில் இருந்த காலத்தில் நான் பேச முடியாமல் போனவை சில உண்டு. அவற்றை இங்கே இறக்கிவைக்கப் போவதில்லை. பொறியியல் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

படுகையில் ஓரிடத்தில் ஆழமாக மணல் அள்ளினால் பள்ளம் அங்கேயே நின்றுவிடும் என்று எண்ணுகிறோம். உண்மையில் அது இரு பக்கமும் நகரும். பள்ளத்தின் மேற்புற விளிம்பில் நீர் சிறு அருவியைப் போல விழுகிறது, அங்கே சரிவு கூடுகிறது, சரிவு கூடினால் அறல் அம்மா சொன்ன இழுவை கூடுகிறது, விளிம்பு அரிபட்டு மேலே மேலே ஏறிச் செல்கிறது. கீழ்ப்பக்கத்திலோ, வரும் மணல் எல்லாம் பள்ளத்தில் விழுந்துவிடுவதால், பள்ளத்தைக் கடந்து போகும் நீர் சுமையில்லாமல் போகிறது. சுமையில்லாத நீர் பசித்த நீர். அது கீழே உள்ள தரையைத் தின்னும். இரண்டு பக்கமும் தரை இறங்கி, மணலில் ஊன்றிய கட்டுமானத்தை எட்டும்போது, அதன் அடித்தளம் எந்தத் தரைமட்டத்தை நம்பிக் கட்டப்பட்டதோ அந்தத் தரை அங்கே இருக்காது. அணைக்கு மேலும் கீழும் உள்ள மட்ட வேறுபாடு கூடக்கூட அடியில் ஊறிச் செல்லும் நீரின் விசையும் கூடி மணலை உருவிக்கொண்டு போகும்.

ஆனால் ஐயவினா அவர்களே, 2018-ல் நடந்ததற்கு ஒற்றைக் காரணம் சொல்ல நான் தயாராக இல்லை. மேலணைக்கு அப்போது 180 வயதுக்கு மேல். பழைய கட்டுமானத்தின் தேய்மானம், கதவுகள் நின்ற தூண்களின் நிலை, நீண்ட நாள் ஓடிய வெள்ளம் எல்லாம் சேர்ந்துதான் அந்த இரவை உண்டாக்கின. படுகை தாழ்ந்தது அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதும், மேலே உள்ள வரிசையில் இருக்கிறது என்பதும் என் கருத்து. அதற்கு மேல் போனால் அது அரசியல் மேடைப் பேச்சாகிவிடும்.

11. அறல்

வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்றையும், இங்கே பீகாரில் நடந்த ஒன்றையும் ஆசிரியர் ஐயாவின் வகுப்புக்காகச் சேர்க்கிறேன், ஏனெனில் இரண்டும் முக்கொம்புக் கதையின் உறவினர்கள்.

அமெரிக்காவில் மிசிசிப்பியிலிருந்து அச்சாஃபலாயா என்ற கிளை பிரிகிறது. அது கடலை அடையும் தொலைவு மிசிசிப்பியின் தொலைவில் பாதிக்கும் குறைவு. ஆகவே சரிவு கூடுதல். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தக் கிளை மிசிசிப்பியையே விழுங்கிவிடும் நிலைக்கு வந்தது. 1963-ல் ‘ஓல்டு ரிவர்’ என்ற இடத்தில் ஒரு கட்டுப்பாட்டு அமைப்பைக் கட்டி, 30 விழுக்காட்டுக்கு மேல் நீர் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று பூட்டிவைத்தார்கள். 1973 வெள்ளத்தில் அந்தக் கட்டுமானத்தின் அடியே அரித்துப் பெருங்குழி விழுந்தது, மயிரிழையில் தப்பியது. கொள்ளிடத்தின் இடத்தில் அச்சாஃபலாயாவை வைத்துப் பார்த்தால் காட்டன் சந்தித்த அதே சிக்கல். நம்முடையது 120 ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது.

கோசி ஆறு இமயத்திலிருந்து அள்ளிவரும் மண்ணால் தன் விசிறியின் மேல் இருநூறு ஆண்டுகளில் 100 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே நகர்ந்த ஆறு. இரு பக்கமும் கரை எழுப்பி அதைக் கட்டிவைத்ததும் மண் கரைகளுக்கு நடுவிலேயே படிந்து தரை உயர்ந்தது. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தில் குசஹா என்ற இடத்தில் கரை உடைந்து ஆறு கிழக்கே பழைய தடத்தில் பாய்ந்தது. அன்று ஓடிய நீர், கதவணை தாங்கக் கட்டப்பட்ட 9.5 லட்சம் கனஅடியில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. வெள்ளத்தின் அளவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அந்த நாளை எதிர்பார்த்திருக்க வழியே இல்லை.

12. படுகைக்காடு

அங்கெல்லாம் மண் கூடிப் போனதால் கேடு. எங்களுக்கு வண்டலே வருவதில்லை. என் பாட்டனார் காலத்தில் புதுத்தண்ணீர் ஏறி இறங்கினால் வயலில் விரற்கடை அளவு வண்டல் நிற்கும், அந்த ஆண்டுக்கு எரு குறைத்துப் போடுவார்கள் என்பார் அப்பா. இப்போது வாய்க்காலில் வரும் தண்ணீர் பளிங்கு போல் வருகிறது. நெய்வேலிக் காட்டாமணக்குதான் மிதந்து வருகிறது. வண்டல் எங்கே போயிற்று என்று எங்களுக்குத் தெரியும். மேட்டூரில் கிடக்கிறது. அதைத் தோண்டி ஆற்றிலேயே விட்டால் என்ன?

13. மணற்போக்கி

ஐயா, நீங்கள் சொல்வதில் பாதி சரி. மேட்டூர் 1934-ல் நிறைவடைந்தபோது அதன் கொள்ளளவு 93.47 டிஎம்சி. அன்றிலிருந்து மேலிருந்து வரும் மணல் முழுவதும், வண்டலில் பெரும்பகுதியும் அங்கேயே நிற்கின்றன. அதற்கும் மேலே 1931-லிருந்து கிருஷ்ணராஜசாகர் நிற்கிறது. மேட்டூருக்குக் கீழே சேரும் பவானியில் பவானிசாகர், அமராவதியில் அமராவதி அணை. முக்கொம்புக்கு இன்று வந்து சேரும் மணல், இந்த அணைகளுக்குக் கீழே மிஞ்சியுள்ள நிலப்பரப்பிலிருந்தும் ஆற்றின் பழைய படுகையிலிருந்தும் வருவது மட்டும்தான். முசிறியில் மத்திய நீர் ஆணையம் நீரோட்டத்தையும் மிதவைச் சுமையையும் அளந்து வருகிறது. வரவு குறைந்து செலவு கூடினால் எந்தப் பெட்டியும் காலியாகும்.

மற்றப் பாதியில் சிக்கல் இருக்கிறது. நீர்த்தேக்கத்தில் மணல் அணைக்கருகே வந்து கிடப்பதில்லை. ஆறு தேக்கத்தில் நுழையும் மேல்முனையிலேயே பருமணல் இறங்கிவிடும், அணையருகே வந்து சேருவது களிதான். ஆகவே அணையின் அடிமதகைத் திறந்தால் சேறு வருமே தவிர மணல் வராது. 2017 கோடையில் மேட்டூரில் தூர்வாரி, உழவர்கள் வண்டல் எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். எடுத்தவர்களின் வயலுக்கு அது நல்லது. அணையின் கொள்ளளவோடு ஒப்பிட்டால் லாரியில் போகும் மண் ஒரு பொருட்டல்ல.

14. அறல்

சீனாவில் மஞ்சள் ஆற்றில் 2002 முதல் சியாவ்லாங்டி அணையிலிருந்து கணக்கிட்டு வெள்ளத்தைத் திறந்து, தேக்கத்தின் சேற்றையும் கீழ்ப்படுகையின் மண்ணையும் கடலுக்குத் தள்ளி வருகிறார்கள். ஆற்றுத் தரை பல அடி இறங்கியிருக்கிறது. அங்கே நீரைச் செலவழித்து மண்ணைத் தள்ளுகிறார்கள். மேட்டூரில் பாசனத்துக்குத் திறக்கும் நாளான ஜூன் 12-க்கு நீர் இருக்குமா என்றே ஆண்டுதோறும் ஏங்குகிற நாம் அப்படி ஒரு வெள்ளத்தைச் செலவழிக்க முடியுமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அள்ளிய மணல் எப்போது திரும்பும் என்பதற்குத் தலைகீழான ஒரு சான்று உண்டு. கலிபோர்னியாவில் தங்கத்துக்காக மலைகளை நீரால் பீய்ச்சிக் கரைத்ததை 1884-ல் நீதிமன்றம் நிறுத்தியது. ஆனால் அந்தக் கழிவு மண் சாக்ரமென்டோ ஆற்றுவழியே அலை போல நகர்ந்து, பல பத்தாண்டுகள் படுகையை மேடாக்கிக்கொண்டிருந்ததை நிலவியலாளர் கில்பர்ட் 1917-ல் எழுதிக் காட்டினார். மனிதர் கூட்டிய மண்ணை ஆறு கழுவவே தலைமுறைகள் ஆயின. நாம் குறைத்த மண்ணை, வரவே அடைபட்ட ஆறு எவ்வளவு காலத்தில் நிரப்பும் என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

15. குடமுருட்டி ஆசிரியர்

அனைவருக்கும் நன்றி. மாணவர்களை வைத்து இந்த ஆண்டு ஏதாவது அளக்க வேண்டும் என்று தோன்றுகிறது. தண்ணீர் திறந்ததும் குடமுருட்டியில் ஒரு பாட்டிலில் நீர் எடுத்து, தெளியவைத்து, வடிகட்டிக் காயவைத்து எடை போடலாம் என்று எண்ணியிருக்கிறேன். சரியா?

16. அறல்

செய்யுங்கள், ஆனால் மேற்பரப்பில் எடுத்த நீரில் களியும் பொடியும் மட்டும்தான் இருக்கும். மணல் அடியில் போய்க்கொண்டிருக்கும், உங்கள் பாட்டில் அதைப் பார்க்காது. பாட்டிலை ஒரு கம்பியில் கட்டி, ஒரே வேகத்தில் தரை வரை இறக்கி ஏற்றினால் ஓரளவு சரியாக வரும். பிள்ளைகளை நீரில் இறக்க வேண்டாம், பாலத்தின் மேலிருந்தே செய்யலாம்.

17. மணற்போக்கி

அதைவிட எளியதும் நீண்ட நாள் பயன்படுவதும் ஒன்று உண்டு. ஜனவரி 28-க்குப் பிறகு மேட்டூர் மூடினால் கிளையாறுகள் காய்ந்துவிடும். கோடையில் படுகையில் நடந்தே குறுக்குவெட்டு மட்டம் எடுக்கலாம். கருவி வேண்டாம், கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாயும், அளவு குறித்த ஒரு கம்பும், ஒரு கயிறும் போதும். இரு கரையிலும் அசையாத இரண்டு புள்ளிகளைத் தேர்ந்துகொண்டு, கயிற்றை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு மீட்டருக்கும் தரையின் ஆழத்தைக் குறியுங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில், அதே மாதத்தில் மறுபடியும் செய்யுங்கள். ஐந்து ஆண்டு தொடர்ந்து எடுத்தால், உங்கள் பள்ளியிடம் இருக்கும் அந்த ஏட்டைத் தேடிப் பொறியாளர்கள் வருவார்கள்.

18. படுகைக்காடு

வாத்தியாரே, அசையாத புள்ளிக்கு எங்கள் ஊர்ப் படித்துறைக்கு வாருங்கள். கருங்கல் படிகள், என் பாட்டனார் பிறப்பதற்கு முன்னே போட்டவை. என் சிறுவயதில் கீழ்ப்படிகள் மூன்று மணலுக்குள் புதைந்திருக்கும், எத்தனை படி என்று எண்ண முடியாது. இப்போது பதினொன்றையும் எண்ணலாம். கடைசிப் படிக்குக் கீழே அஸ்திவாரக் கல்லும் தெரிகிறது, அதற்கும் மணலுக்கும் நடுவே என் இடுப்பளவு இடைவெளி இருக்கிறது. குளிக்க இறங்குகிறவர்கள் ஒரு மர ஏணி சாத்தி வைத்திருக்கிறார்கள். சித்திரையில் வந்தால் தண்ணீர் இருக்காது. குழாயும் கயிறும் நீங்கள் கொண்டுவாருங்கள், பிள்ளைகளுக்கு இளநீர் நான் வெட்டி வைக்கிறேன்.